‘ச’ எழுத்துப் பள்ளி

கரிங்கடவு உயர்நிலைப் பள்ளியின் மாடிக் கூடத்தில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். பள்ளியின் மேனேஜரும் அதைக் கட்டிய குடும்பத்தின் தலைவருமான புத்தலத்துக் கேளு நம்பியார். அவருடைய தலைமையாசிரியர் பவித்ரன் மாஷ். குன்றின் மேல் இருக்கும் சர்ச் பள்ளியின் மேனேஜரான பாதிரியார் தெக்கேல் அச்சன். கடற்கரை அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை சைனபா டீச்சர். வட்டத்தின் பன்னிரண்டு பள்ளிகளையும் ஆய்வு செய்த ஷிம்னா. வட்டத்தின் மற்றப் பள்ளிகளிலிருந்து வர வேண்டியவர்களை மழை தடுத்துவிட்டது. வேறு எவரும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கூட்டம் தொடங்குமுன் ஷிம்னா பள்ளிக்கு ஒருவரை மட்டும் தனியே வராந்தாவுக்கு அழைத்து, அறிக்கையில் அவரவர் பள்ளிக்கு இட்ட எழுத்தைச் சொன்னாள். பெயர்கள் எங்கும் வராது.

“உங்க பள்ளி ‘ச’, சார். என் வாயிலேருந்து வெளியே போகாது. நீங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.”

கேளு நம்பியார் தலையசைத்தார். அவர் எழுத்துக்கு அஞ்சுகிற ஆள் அல்ல. வாசலில் அவருடைய பலகை நின்றது: பத்தாம் வகுப்பில் இந்த ஆண்டும் நூறுமேனி. எழுதிய பிள்ளைகள் அத்தனை பேரும் தேர்ச்சி. ஆண்டுதோறும் மே மாதத்தில் அந்தப் பலகையின் முன் நிமிர்ந்து நின்று படம் பிடித்து, கனடாவில் இருக்கும் மகன்கள் இருவருக்கும் அனுப்புவார். இளையவன் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்புவான். மூத்தவன் அதுவும் இல்லை. மனைவி போன பிறகு வீட்டில் அந்த வெற்றியைச் சொல்வதற்கு ஆள் கிடையாது. கஞ்சியும் பயறும் தானே பரிமாறிக்கொண்டு, மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

திரையில் ஒரு கோடும், அதன் மேலும் கீழுமாக, பள்ளிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புள்ளிகளும் தெரிந்தன.

“எத்தனை பேரு பாஸாங்கறதை நான் பார்க்கல” என்றாள் ஷிம்னா. “எட்டாம் வகுப்புல சேர்றப்ப பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருந்தது, மூணு வருஷம் கழிச்சு என்ன தெரியுது. அதே இடத்துலேருந்து தொடங்கின மத்தப் பிள்ளைங்களோட வச்சுப் பார்த்தா, கூட வளர்ந்திருக்கா, குறைவா வளர்ந்திருக்கா? அதுதான் கணக்கு. நடுவுல பள்ளி மாறினவங்களையும் தேடிப் போய் எங்க தேர்வை எழுத வச்சோம். முதல்ல எங்க சேர்ந்தாங்களோ, அந்தப் பள்ளி பேர்லயே அவங்களைச் சேர்த்திருக்கோம்.”

எல்லாவற்றுக்கும் கீழே, மற்றவற்றை விட்டு விலகி, ஒரு புள்ளி தனியாகக் கிடந்தது. ‘ச’.

பவித்ரன் மாஷுக்கு அந்த எழுத்து யாருடையது என்று தெரியாது. சிரித்தார்.

“இதுக்குப் பேரு வேற போடணுமா? கடல்காத்து அடிக்கிற பக்கம்தான்.”

“மாஷே, வேண்டாம்” என்ற அச்சனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “ஆனா டீச்சரே, மத்தி மீன் வர்ற நாள்ல உங்க பிள்ளைங்க வகுப்புப் பக்கமே தலைகாட்டறதில்லையாமே?”

“மத்தி வந்தா நானே போயிடுவேன் அச்சனே. சம்பளத்தை நம்பினா குழம்பு கொதிக்குமா?”

“அப்ப ‘ச’ நீங்கதான்!”

“இல்லேன்னு சொன்னா நம்பவா போறீங்க?” சைனபா டீச்சர் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மழையைப் பார்த்தார்.

“நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுக்கே தெரிஞ்சிடும்” என்றார் மாஷ். “ஜூன்ல அங்க யாரு பிள்ளையைச் சேர்ப்பாங்கன்னு பார்ப்போம்.”

கேளு நம்பியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மோளே, நடுவுல மாறினவங்கன்னியே, அது யாரு?”

ஷிம்னா தயங்கினாள். “‘ச’வுல ஒன்பதாம் வகுப்பு முடியறப்ப நிறையப் பேரு டி.சி. வாங்கிட்டுப் போயிருக்காங்க, சார். எல்லாம் பாடத்துல பின்தங்கினவங்க. பாதிப்பேரு ‘த’வுல சேர்ந்து பத்தாவது தேறிட்டாங்க.”

‘த’ என்ற புள்ளி கோட்டுக்கு மேலே உச்சியில் இருந்தது.

மாஷின் சிரிப்பு அறுந்தது. நம்பியார் அவர் பக்கம் சாய்ந்து, “நம்ம பிள்ளைங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பேசாம இருங்க மேனேஜரே” மாஷ் பல்லிடுக்கில் சொன்னார். “வருஷா வருஷம் நூறு வேணும்னீங்க. கொண்டுவந்தேன். எப்படின்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

கேட்டதில்லை. அது உண்மை.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பலகை நிற்கும், வீட்டின் பெயர் நிற்கும். விழப்போவது கடற்கரைப் பள்ளி மட்டும். ஆனால் தன் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வாசலில் தள்ளுவது புத்தலத்து வீட்டில் எந்தக் காலத்திலும் வழக்கம் இல்லை. வழக்கம் இல்லாததைச் செய்து காப்பாற்றிய பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவர் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார்.

“‘ச’ எங்க பள்ளி. டீச்சரைப் பார்த்து இனி யாரும் விரல் நீட்ட வேண்டாம்.”

அச்சன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். சைனபா டீச்சர்தான் நாற்காலியை அவர் பக்கம் தள்ளி, “உட்காருங்க நம்பியாரே” என்றார். அவர் உட்காரவில்லை.

மறுநாள் பலகையைக் கழற்றச் சொன்னார். தம்பியின் மகன்கள் வந்து, “வல்லியச்சா, அறிக்கையே மறைச்சுக் குடுத்ததை நீங்களே எடுத்து வெளியில போட்டீங்களே” என்று கத்திவிட்டுப் போனார்கள். ஓணத்துக்கும் வரவில்லை. சாலையில் எதிர்ப்படும் ஆசிரியர்கள் குடையைத் தாழ்த்திக்கொண்டார்கள். பலகை போன வெறும் சட்டத்தின் முன் எப்போதும்போல் நிமிர்ந்து நின்று அவர் ஒரு படம் எடுத்தார், மகன்களுக்கு அனுப்பினார். இருவரும் பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. கட்டைவிரல் வரவில்லை.

ஆய்வு செய்த பெண்தான் பெயரை வெளியே விட்டாள் என்றும், கிழவர் மாட்டிக்கொண்டு பலகையை இறக்கினார் என்றும் சந்தையில் பேசுகிறார்கள். அது பொய். அந்தப் பெண் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னவர் கேளு நம்பியார்.