மிஸ்ஸைச் சுற்றி ஒரு கோடு

தன் வீட்டுக் கேட்டின் கொக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரைவர் யாரையும் உள்ளே விடாமல் நின்றார். வெளியே, மழலையர் பள்ளித் தலைமையாசிரியை பூங்கொத்தோடு வெயிலில் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு டீச்சர்கள், சில அம்மாக்கள், அம்மாக்களின் கையைப் பிடித்தபடி நாலைந்து வாண்டுகள்.

"வேணாம் மேடம். இது வரைக்கும் செஞ்சது போதும். கிளம்புங்க."

"சார், எங்களுக்கும் அவங்க கூடப் பொறந்தவங்க மாதிரிதான்..."

"கூடப் பொறந்தவங்களா? உடம்புக்குள்ள மெஷின் வச்சிருக்கவகிட்டப் போயி காந்தப் பாடத்தக் குடுப்பாங்களா? நெஞ்சுல ஈரம் வேணாம்?"

"நாங்க வேணாம்னுதான் சொன்னோம். அவங்க கேக்கலையே சார்."

அது டிரைவருக்குத் தெரியாதா? அவள் என்றைக்கு, யார் சொல்லி, எதைக் கேட்டிருக்கிறாள்!

போன வருடம் அவர் மனைவிக்கு இதயத் துடிப்பு குறைந்து, தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். காந்தத்தை மட்டும் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே டிரைவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வாத்து, தர்பூசணி எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டார். காந்தப் பித்தானால் டக்கென்று மூடிக்கொள்கிற அவளுடைய கைப்பையும் அதோடு போனது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, பள்ளியில் பாடத்தை மட்டும் விடவில்லை. பிள்ளைகளுக்கு அவள் பெயரே காந்த மிஸ்.

"வேற யாராவது நடத்தட்டுமே" என்று இவர் கெஞ்சியும் பார்த்தார், கத்தியும் பார்த்தார்.

"புள்ளைங்க வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கற பாடம் அது ஒண்ணுதான். அதையும் விட்டுட்டு நான் என்ன, மூக்கத் தொடச்சு விட்டுக்கிட்டு இருக்கவா?"

வெள்ளிக்கிழமை பாடம் நடந்தது. சனிக்கிழமை காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடாமலே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, காந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். டிரைவர் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். எந்த மோதலிலும் பிரேக் போடத் தவறியவன் ஒருவன் இருந்தே தீருவான். அந்த ஆள் யார் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

உள்ளேயிருந்து அக்கா வந்து அவருடைய கையைக் கொக்கியிலிருந்து பிரித்தாள். "துக்கத்துக்கு வந்தவங்கள வாசல்ல நிறுத்துவியாடா? அவளுக்குத் தெரிஞ்சா எந்திரிச்சு வந்து உன்னைய நாலு கேள்வி கேப்பா."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினார். எல்லாரும் உள்ளே போனார்கள். ஒரு சிறுமி மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். அவளுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

"மிஸ்ஸப் பாக்கணும்னு ராத்திரியெல்லாம் அழுதா சார். இங்க வந்து வரமாட்டேன்னு அடம் பிடிக்கறா."

"நீங்க போங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

டிரைவர் அவள் எதிரில் குந்தினார். முன்பல் விழுந்த வாய், இறுக மூடியிருந்தது. கவுன் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் உள்ள வரமாட்டேங்கற?"

"கிட்டப் போகக் கூடாது."

"யாரு சொன்னா?"

"மிஸ்தான். காந்தப் பாடம் அன்னிக்கு சேரைச் சுத்திப் பெருசா சாக்பீஸ் கோடு போட்டு, நடுவுல உக்காந்துக்குவாங்க. காந்தம் வச்சிருந்தா கோட்டத் தாண்டக் கூடாது. தாண்டினா அவுட்."

"கோடா? எதுக்கு?"

"மிஸ் வீட்டுல ஒருத்தர் இருக்காராம். பெரிய பஸ்ஸெல்லாம் ஓட்டுவாராம், ஆனா பயந்தாங்கொள்ளியாம். அவரு பயப்படக் கூடாதுன்னுதான் கோடு."

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? வீட்டில் அப்படி வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டுவிட்டு, அங்கே போய் எனக்காகக் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே!

"நான் தாண்டிட்டேன்" என்றாள் சிறுமி.

"என்னது?"

"மணலுக்குள்ள மிஸ் கிளிப்பெல்லாம் ஒளிச்சு வச்சாங்க. எல்லாத்தையும் நான்தான் முதல்ல காந்தத்தால எடுத்தேன். மிஸ் கை தட்டினாங்க. நான் ஓடிப் போயி கட்டிப் புடிச்சிட்டேன். காந்தம் பையில இருந்துச்சு. மிஸ்ஸுக்குத் தெரியாது." கவுன் பையை இன்னும் இறுகப் பொத்தினாள். "அதனாலதான் செத்துட்டாங்களா? நீங்க அந்த மேடத்துக்கிட்டக் கத்தினீங்கல்ல?"

இரண்டு நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த ஆள் கிடைத்துவிட்டது. ஐந்து வயது. காலில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தது.

"இல்ல" என்றார் டிரைவர்.

"எப்படித் தெரியும்?"

காந்த மிஸ்ஸின் வகுப்புப் பிள்ளைதான், சந்தேகமேயில்லை.

"டாக்டர் சொன்னாரு."

"சோதிச்சுப் பாத்துட்டுச் சொன்னாரா?"

"பாத்தாரு. மெஷின வெளிய எடுத்துச் சோதிச்சாரு. கடைசி வரைக்கும் ஒழுங்காத்தான் ஓடியிருக்கு. காந்தம் ரொம்பக் கிட்ட வந்தா அது கொஞ்சம் தடுமாறும். விலகிட்டா பழையபடி ஓட ஆரம்பிச்சிடும்." டாக்டர் சொன்ன சொற்கள் ஒன்று விடாமல் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. "நீ கட்டிப் புடிச்சதால ஒண்ணும் ஆகல. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு."

"அத யாரு வெடிக்க வச்சா?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தலைமையாசிரியையின் நரைத்த கொண்டை தெரிந்தது. குலுங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்லம்மா" என்றார். "யாரு மேலயும் தப்பு இல்ல."

சொன்னதும் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போயிற்று. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் போய்க் குழாயை மூடியது முதல் இந்த நேரம் வரை வராத அழுகை, ஒரு பொடிசின் முன்னால் வந்தது. அவர் மறைக்கவில்லை. சிறுமி பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, "இப்ப கிட்டப் போலாமா?" என்றாள். கேட்டுவிட்டு, பையிலிருந்த காந்தத்தை எடுத்துக் கீழே வைக்கக் குனிந்தாள்.

"வைக்க வேணாம். பைலயே இருக்கட்டும்."

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் வருவதைக் கண்டதும் தலைமையாசிரியை நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். "உக்காருங்க மேடம்" என்றார் டிரைவர். "அக்கா, மேடத்துக்குக் குடிக்கத் தண்ணி குடு."

மனைவியைக் கிடத்தியிருந்த பெட்டியருகே போய் நின்றார். பையிலிருந்த காந்தம் அவர் விலாவில் குத்தியது. பெட்டியின் விளிம்பு மறைத்ததால் சிறுமி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"தெரியலை" என்றாள்.

டிரைவர் அவளோடு குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் குனிந்தார்.