மேடு ஏற மறுத்த நாற்காலி

நூலகத்துக்குப் போகும் சரிவில் பாதி தூரம் ஏறியதும் ஆர்வோ கிவேலாவின் மின்சக்கர நாற்காலி நின்றுவிட்டது. "சரிவு அதிகம். உங்கள் பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டது" என்று அதன் சின்னத் திரை சொன்னது. குளிருக்குப் பேர்போன வடக்கத்தி ஊரான துலூத்தில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக அவன் ஏறி இறங்கிய சரிவு அது. வழியில் போனவர்கள் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"பனியில நட்டு வெச்சிட்டு, பாதுகாப்பாம்!" என்று அவன் மனைவி லோர்னா கொதித்தாள்.

நாற்காலி தானாகவே புது சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டுவிட்டிருந்தது. அதன் வேலைதான் இது. கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். எங்கள் ஆள்தான் வந்து மாற்ற வேண்டும், வசந்தகாலத்தில் அனுப்புகிறோம் என்றார்கள்.

"இந்த ஊர்ல வசந்தம்னா ஜூன் மாசம்" என்று ஆர்வோ சிரித்தான். லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் புரோகிராம் எழுதுகிறவள். தன் கணினியை நாற்காலியோடு இணைத்தாள். அது உயிர்பெறும்போது திரையில் ஓடிய வரிகளில் ஒன்றைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. மோட்டாரைக் குலுங்காமல் மேடேற்றும் அந்தப் புரோகிராம், படிக்கிற காலத்தில் அவளே எழுதியது. எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்கே விட்டிருந்தாள். லைசென்ஸில் ஒரு முக்கிய நிபந்தனை: இதை வைத்துப் பொருள் விற்றால், வாங்கியவர் கேட்கும்போது அந்தப் புரோகிராமின் மூல வரிகளை, அதாவது சோர்ஸ் கோடை, கொடுக்க வேண்டும்.

கேட்டாள். அது தொழில் ரகசியம், தர முடியாது என்று எழுதினார்கள்.

"நான் எழுதினது எனக்கே ரகசியமா?"

அந்தப் புரோகிராமை எழுதியவளே தான்தான் என்று தெரிவித்த பிறகு சோர்ஸ் கோடு வந்தது. எவ்வளவு சரிவு வரை ஏறலாம் என்ற எல்லை அதில் ஒரே ஒரு எண்தான். அதைத் திருத்தி நாற்காலியில் ஏற்றினாள். 'அங்கீகரிக்கப்படாத மென்பொருள்' என்று நாற்காலி துப்பிவிட்டது. கம்பெனியின் ரகசிய டிஜிட்டல் சாவியால் முத்திரையிட்டதை மட்டுமே அது ஏற்கும்.

கம்பெனி வக்கீல் பிரெண்டிஸ் ஃபோனில் தேனொழுகப் பேசினார்.

"மேடம், உங்க லைசென்ஸ் கோடைத்தான் கேக்குது. கொடுத்துட்டோம். சாவியைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லையே."

இல்லைதான். இப்படியும் பூட்டுவார்கள் என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் லைசென்ஸை அவளும் வரி வரியாகப் படித்திருந்தாள்.

"சரிங்க. ஆனா முதல்ல கேட்டப்போ தர முடியாதுன்னீங்களே? நிபந்தனையை மீறினா அனுமதி அப்பவே போயிடும்னும் அதுல இருக்கு. அந்த அனுமதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நான்தான். இப்ப நீங்க விக்கிற ஒவ்வொரு நாற்காலியும் என் அனுமதி இல்லாம விக்கிறது."

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் நாற்காலியை மட்டும் திறந்து விட்டுடறோம். நீங்க இதை வெளியில பேசக் கூடாது."

லோர்னா ஃபோனைப் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள். வீட்டுக்குள் அடைந்து கிடந்து அவன் முகமே வெளிறியிருந்தது. சரி என்று அவன் சொல்லியிருந்தால் அவளும் தலையாட்டியிருப்பாள்.

"நான் ஒருத்தன் மேலே போயிட்டு, மத்தவன் பனியில நிக்கணுமா? போய் வேற வேலை இருந்தா பாக்கச் சொல்லு."

அதை அப்படியே வக்கீலிடம் சொன்னாள்.

இழுபறியில் குளிர்காலமே போயிற்று. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது: அந்த மாடல் வைத்திருக்கும் யார் கேட்டாலும் பூட்டைத் திறந்துவிடும். லோர்னாவும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த எண்ணைத் திருத்தி ஏற்றியதும் ஆர்வோ நூலகச் சரிவில் ஏறி, மேலே நின்று, கீழே நின்ற அவளைப் பார்த்துக் குரங்குச் சேட்டை செய்தான்.

அந்தக் கோடைகாலத்தில் கம்பெனியின் புது நாற்காலி கடைக்கு வந்தது. அதில் அவளுடைய வரி ஒன்றுகூட இல்லை. பூட்டு முன்பைவிட இறுக்கம். விளம்பரத்தில் 'முழுப் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"வெக்கமே கிடையாது இவனுங்களுக்கு" என்றாள் லோர்னா. அன்றே தன் புரோகிராமின் லைசென்ஸை மாற்றினாள்: இனி சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளில் இதை வைத்து விற்கிறவன் கோடோடு சாவியையும் வாங்கியவர் கையில் கொடுக்க வேண்டும்.