டிரம் இல்லாத இடத்தில் வண்டி நிறுத்துவது எப்படி

1

இந்தக் கதை ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் பிறந்தது. பிறந்தபோது எனக்கு ஞானம் எதுவும் வரவில்லை. தோள்பட்டைதான் பிடித்துக்கொண்டது. காரணம் காஸ் சிலிண்டர்.

போன சனிக்கிழமை ஃபரிசாய் தன் அக்கா கணவரின் காரை இரவல் வாங்கி, சிலிண்டர் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டு முற்றத்தின் பின்னறையில் வாடகைக்கு இருப்பவள். நான்கு வயது அனெசுவுக்கு அம்மா. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. (கதைக்குள் 'அவள்' என்கிறேன். முற்றத்தில் 'சிசி' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊரில் சிசி என்றால் அக்கா. கதைக்குள் அவளால் என்னை அடிக்க முடியாது என்பதால் இந்தத் துணிச்சல்.)

சூப்பர்மார்க்கெட்டை மூன்றாவது முறையாகச் சுற்றும்போது கேட்டேன்.

"சிசி, அதோ ரெண்டு வண்டிக்கு நடுவுல இடம் இருக்கே."

"கண்ணு தெரியுதுடா எனக்கு."

"அப்புறம் ஏன் சுத்துறீங்க?"

"அங்க டிரம் இல்லையே."

அவள் சிரிக்கவில்லை. கோடியில், வேலியோரம், எவனும் நிறுத்தாத இடத்தில் மூக்கை முன்னால் விட்டு நிறுத்தினாள். அங்கிருந்து சிலிண்டரை நான் சுமந்தேன். கதை என் தோளில் ஏறியது அப்போதுதான். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை.

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

அ. *ஃபரிசாய் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பின்னால் போனதில்லை.* [பொய். கணவனிடம் இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறாள். மூன்றாவது முறை போவதற்குள் அவன் வீடு மாறிவிட்டான்.]

ஆ. *ஜூன் மாதக் குளிரில் குவேரு நகரம் நடுங்கிக்கொண்டு* [எங்களுக்கு ஜூன்தான் குளிர்காலம். ஆனால் நகரம் நடுங்காது. நான்தான் நடுங்குகிறேன். கரண்ட் இல்லை.]

இ. *மோதிய சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள்.* [அருமையான தொடக்கம். ஆனால் யாரும் எதன்மேலும் மோதவில்லை. மோதும் தூரத்துக்கு அவள் எதன் பக்கத்திலும் போவதே இல்லை, அதுதான் சிக்கல்.]

ஈ. *வியாழக்கிழமை ஃபரிசாய்க்கு வேலைக்கான தேர்வு.*

இது நிற்கட்டும். இது உண்மை. கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டுநர் வேலை. ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டி பெட்டியாக ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தேர்வும் ஒன்றே ஒன்றுதான்: வேனைப் பின்னால் எடுத்து, குஞ்சு ஏற்றும் கதவோடு ஒட்டி, நேராக நிறுத்த வேண்டும். கோணலாக நின்றால் இடைவெளி விழும். இடைவெளியில் ஜூன் காற்று நுழையும். குஞ்சு தாங்காது.

வேலை கிடைக்காவிட்டால் சனிக்கிழமை ஜோஹன்னஸ்பர்க் பஸ். அங்கே ஒரு வீட்டில் சமைத்துத் துவைக்கும் வேலையை அவள் சித்தி பேசி வைத்திருக்கிறாள். அனெசு கோக்வேயில் பாட்டியிடம் விடப்படுவாள். வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ்தான் வரும் என்பதால் அம்மாவும் வருடத்துக்கு ஒருமுறை வருவாள்.

இன்று புதன்கிழமை. முடிவு தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3

டிரம்மைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

எங்கள் நாட்டில் லைசென்ஸ் என்றால் டிரம். தேர்வு மைதானத்தில் இருநூறு லிட்டர் எண்ணெய் டிரம்கள் நான்கை ஒரு காரின் அளவுக்கு நான்கு மூலையில் நிறுத்தியிருப்பார்கள். பின்னால் வந்து அவற்றுக்கு நடுவே நுழைய வேண்டும். தொட்டால் வீட்டுக்குப் போகலாம். கல்யாண வீட்டில்கூட "பையன் டிரம் தாண்டிட்டானா?" என்று கேட்பார்கள்.

ஃபரிசாய்க்கும் எனக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் முதாரா சிப்வே. முதாரா என்றால் பெரியவர். அவர் பெரியவர் இல்லை, முப்பத்தெட்டு வயது, தொப்பிதான் பெரியது. அவருடைய பயிற்சி காரின் பின்கண்ணாடியில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். பாடமே அவ்வளவுதான்.

"சிவப்பு போய் டிரம்முக்கு முத்தம் குடுத்ததும் முழுசா ஒடி. சைடு கண்ணாடியில டிரம்மோட இடுப்பு தெரிஞ்சதும் நேராக்கு. நடுவுல யோசிக்காதே. யோசிக்கிறவன் இடிப்பான்."

நான் யோசிப்பவன். இதுவரை இரண்டு முறை இடித்திருக்கிறேன்.

எனக்குப் புரியாதது இதுதான். பின்னால் போகும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வண்டியின் வால் இடப்பக்கம் போகிறது. சரி. ஆனால் அதே நேரத்தில் மூக்கு வலப்பக்கம் வீசிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு இடம் எந்தப் பக்கமும் போகாமல் இருக்க வேண்டும் அல்லவா? அது எங்கே? ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியிலா? பின்சக்கரத்துக்குப் பக்கத்திலா?

"முதாரா, வண்டி எந்த இடத்தை மையமா வச்சுத் திரும்புது?"

"அதைக் கேக்கறதுக்குக் காலேஜ் இருக்கு. இங்க டிரம் இருக்கு. கிளட்சை விடு."

[இந்தப் பத்தியை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு ஒரு தீப்பெட்டியை மேசையில் அரைமணி நேரம் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தேன். வேண்டுமானால் நீங்களும் செய்து பாருங்கள், கதை எங்கும் ஓடிவிடாது. பின்சக்கரங்களின் பக்கம்தான் என்று இப்போதைக்கு முடிவு. தீப்பெட்டிக்குச் சக்கரம் கிடையாது என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.]

ஃபரிசாய் யோசிக்கவில்லை. சிவப்பு, முத்தம், இடுப்பு, நேர். முதல் முறையிலேயே நான்கு டிரம்முக்கும் நடுவே வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கினாள். லைசென்ஸ் கையில் வந்தது. வெளியே வந்து பார்த்தால் ஊரில் எங்கும் டிரம் இல்லை. வெள்ளைக் கோடுதான் இருக்கிறது. தரையில் கிடக்கும் கோட்டுக்கு இடுப்பு எங்கே இருக்கும்?

4

[இந்தப் பகுதியில் வண்டி ஓட்டுதலுக்கும் நாட்டின் நிலைக்கும் உள்ள ஒற்றுமை பேசப்பட்டிருந்தது. ஆசிரியரே தூங்கிவிட்டதால் நீக்கப்பட்டது.]

5

நேற்று ஃபரிசாய் முற்றத்துக் குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். முதல் பிரதியை அவளிடம் கொடுத்தேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அதில் தேர்வு நாளன்று அவள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழும் காட்சி இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

"நான் எங்கடா அழுதேன்?"

"இனிமேதான் சிசி. வியாழக்கிழமை."

"ஈவே, டேய்! வியாழக்கிழமை நான் அழப்போறேன்னு நீ செவ்வாய்க்கிழமையே எழுதிட்டியா?"

"கதைக்கு ஒரு அழுகை தேவைப்படுது."

"தேவைப்பட்டா நீ உக்காந்து அழு, புரொஃபசர். ரெண்டு தடவை இடிச்சவன் நீதானே?"

நியாயம். அழுகையை அடித்தேன். அவள் மீதியையும் படித்தாள். படிக்கப் படிக்கக் கீரை குழாய்த் தண்ணீரில் மிதந்து சாக்கடைப் பக்கம் போயிற்று. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"இதுல காருன்னு போட்டிருக்கே. அவங்ககிட்ட இருக்கறது வேன். நேத்து வெளியிலேருந்து பாத்தேன். பின்னால முழுக்கத் தகரம். கண்ணாடியே கிடையாது."

"அப்ப சிவப்பு டேப்?"

"எங்க ஒட்டுவே? என் நெத்தியிலயா?"

சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள். நான் ஒரு நொடி தாமதமாக நிறுத்தினேன்.

"அனெசுகிட்ட இன்னும் சொல்லலை," என்றாள். "பஸ்ஸைப் பத்தி."

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. நான் எழுத நினைத்திருந்த ஃபரிசாய் ஒரு கோமாளி. டிரம் தேடி ஊரைச் சுற்றுபவள். கீரை அலசுபவள் அந்தக் கோமாளி இல்லை. இவள் பயப்படுகிறாள், ஆனால் அதே கையோடு என்னைக் கிண்டலும் செய்கிறாள். இவளை வேனில் ஏற்றினால் என்ன செய்வாள்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் அடுத்த பகுதியை எழுதினேன்.

6

வியாழக்கிழமை. கம்பெனி முற்றம். (முழுக்கக் கற்பனை. இன்னும் விடியாத நாளைப் பற்றி வேறு எப்படி எழுதுவது?)

மேலாளர் திருமதி மச்சிங்குரா கம்பளிச் சால்வையோடு நிற்கிறார். கணக்கர் எனோக் டீயோடு நிற்கிறான். காவலாளி பாபா டிக்சன் சும்மா நிற்கிறார். வெள்ளைக் கோடுகளைத் தவிட்டுத் தூசி மூடியிருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் கீச்சிடுகின்றன.

ஃபரிசாய் ரிவர்ஸ் கியர் போட்டாள். வேன் ஒரு அடி நகர்ந்தது. அவ்வளவுதான். ரிவர்ஸில் வரும் வண்டியைப் பார்த்தால் கையை ஆட்டாமல் இருக்க எங்கள் நாட்டில் எவராலும் முடியாது.

"வா, வா, வா, வா..."

"நிறுத்து! நிறுத்து!"

"ரைட்ல ஒடிம்மா!"

"யாரு ரைட்டு பாபா? உங்க ரைட்டா, வண்டி ரைட்டா?"

"ரைட்டுன்னா ரைட்டு! நீ டீயைக் குடி!"

வேன் நின்றது. கதவு திறந்தது. ஃபரிசாய் இறங்கி வந்து திருமதி மச்சிங்குராவின் முன்னால் முழங்காலை லேசாக மடித்துக் கைதட்டி மரியாதை செய்தாள். பெரியவர்களிடம் கேட்கும்போது அப்படித்தான் கேட்க வேண்டும்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கு டிரம் வேணும்."

"டிரம்மா? எதுக்கு?"

"கோடு கண்ணுக்குத் தெரியலை. நிமிர்ந்து நிக்கற பொருள்னா கண்ணாடியில பிடிச்சுருவேன். டிரம் இல்லைன்னா... நீங்க மூணு பேரும் மூலைக்கு ஒருத்தரா நிப்பீங்களா?"

எனோக் டீயை விழுங்கினான். "மேடம், நான் ஒரு நூறு லிட்டர்தான் இருப்பேன். நீங்க..."

"எனோக்!"

"சும்மா நின்னா போதும்," என்றாள் ஃபரிசாய். "ஆனா கை காட்டக் கூடாது. பேசவும் கூடாது. டிரம் பேசாது."



"பேசாதேன்னு என்கிட்டயா சொல்றே?" என்றார் திருமதி மச்சிங்குரா.

"டிரம்கிட்ட சொல்றேன் மேடம்."

[இந்தப் பகுதியை இன்று காலை ஃபரிசாயிடம் காட்டினேன். "சீ, இப்படியெல்லாம் நான் பேசவே மாட்டேன்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "பேசினா... விரட்டிருவாங்களா?" "தெரியாது சிசி." "நீதானே எழுதினே?" "ஆமா. ஆனா தெரியாது." தாளை மறுபடி வாங்கி, அந்த இடத்தை உதடு அசைய இன்னொருமுறை படித்தாள்.]

7

முடிவுகள். இரண்டு எழுதினேன்.

முதல் முடிவு. *வேன் நூல் பிடித்ததுபோல் நுழைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். திருமதி மச்சிங்குரா சாவியை* — என்னிடம் கதை கேட்டிருக்கும் கல்லூரிப் பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும். அவருக்குப் பிடிப்பதால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாம் முடிவு. *சனிக்கிழமை பஸ் கிளம்பும்போது அனெசு ஜன்னலைப் பார்த்து* — இதற்கு மேல் எழுத வரவில்லை. பார்த்து என்ன செய்தாள் என்று எழுத மூன்று வினைச்சொற்கள் கைவசம் இருந்தன. மூன்றையும் எழுதி மூன்றையும் அடித்தேன். அனெசு இப்போது என் ஜன்னலுக்கு வெளியேதான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: மூலை நான்கு, ஆள் மூன்று. திருமதி மச்சிங்குரா வலப்பக்கம் முன்மூலையில் நின்றுவிட்டார். ஆம், நின்றார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சீக்கிரம் முடிம்மா, குளிருது," என்றார். எனோக் இடப்பக்கம் முன்மூலை. பாபா டிக்சன் வலப்பக்கம் பின்மூலை. இடப்பக்கம் பின்மூலை காலி. சைடு கண்ணாடி இல்லாமல் ஓட்டுபவருக்குக் கொஞ்சமும் தெரியாத மூலை அது. விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள், காற்றில் விழுந்தது. குஞ்சுப் பெட்டிகளை அடுக்கலாமே என்றான் எனோக். திருமதி மச்சிங்குரா அவனைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை செத்தது.

நான் போய் நிற்கலாம். ஆனால் எனக்கு இரண்டு முடிவும் தெரியும். ஒன்றின்மேல் ஆசை, இன்னொன்றின்மேல் பயம். வேன் நெருங்கும்போது என் கால் தன்னால் நகரும். நகர்ந்தால் அவள் கணக்குத் தப்பும். டிரம்முக்கு ஆசை இருக்கக் கூடாது.

8

அதனால் நீங்கள் வாருங்கள்.

இங்கே. கதவை ஒட்டி, சுவரில் முதுகு படும்படி. குஞ்சுகளின் சூடு முதுகில் தெரிகிறதா? சரியான இடம்தான். கையைத் தொங்கவிடுங்கள். 'வா, வா' என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். உங்களுக்கு முன்னால் இருப்பது வெறும் வெள்ளைத் தகரம். அவள் முகம் உங்களுக்குத் தெரியாது. இடப்பக்கக் கண்ணாடிக்குள் அவளுடைய ஒரு கண் மட்டும் தெரியும். அந்தக் கண் உங்கள் இடுப்பைத் தேடுகிறது.

"யாரு அது, நாலாவதா?" என்கிறாள் உள்ளேயிருந்து. "சரி. யாரா இருந்தாலும் அசையாதீங்க. நான் வரேன்."

கிளட்ச் மெல்ல விடுபடுகிறது. எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். டிரம்முக்கு எழுத்துச் சத்தமும் ஆகாது.

வேன் உங்களை நோக்கி வருகிறது.