இரவல் இருமல்

பஸ் ஓட்டுநர் அர்ஜுனனுக்கு மூன்று வாரமாக இருமல். மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடக்கும் இலவச கிளினிக்கில் எக்ஸ்ரே கருவி கிடையாது. கைப்பேசியில் ஐந்து முறை இருமி அனுப்பினால், செயற்கை நுண்ணறிவு அதைக் கேட்டு, யாரை அவசரமாகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று சொல்லும்.

“இன்னிக்கு இருமி அனுப்பலன்னா சோறு கிடையாது,” என்றாள் மனைவி லோகேஸ்வரி.

அர்ஜுனனுக்குப் பயம். காசநோய் என்று வந்தால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்களே! டிப்போ கேண்டீனில், உடன் வேலை செய்யும் சின்னையாவைப் பிடித்தான். ஞாயிறுதோறும் பினாங்கு மலை ஏறுகிற மனிதர். ஏறி ஏறியே ஆறு கிலோ இளைத்ததாகப் பெருமை வேறு.

“அண்ணே, இதுல அஞ்சு தடவ இருமுங்க.”

“எனக்கு இருமலே இல்லையே தம்பி?”

“அதனாலதான் கேக்குறேன். சும்மா நடிங்க லா.”

சின்னையா தொண்டையைச் செருமிக்கொண்டு, ரசித்து இருமிக் கொடுத்தார்.

மறுநாள் கிளினிக் தாதி குமுதா அழைத்தாள். “அண்ணே, சிவப்பு காட்டுது. உடனே எக்ஸ்ரே எடுக்கணும்.”

உண்மையைச் சொன்னால் லோகேஸ்வரி, சொல்லாவிட்டால் மருத்துவமனை. மருத்துவமனையே மேல் என்று போனான். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை இரண்டிலும் ஒன்றுமில்லை. வெறும் சிகரெட் இருமல்.

குழம்பிப்போன குமுதா, லோகேஸ்வரி பார்த்திருக்க, அவனை மறுபடி இருமச் சொன்னாள். பச்சை.

“அன்னிக்கு வந்தது உங்க இருமல் இல்ல. யாருது?”

அர்ஜுனன் சுவரைப் பார்த்தபடி சொல்லி முடித்தான்.

“இருமலக்கூடவா இரவல் வாங்குவாங்க!” என்று லோகேஸ்வரி கத்தியதில், வரிசையில் இருந்தவர்கள் இருமலை நிறுத்திவிட்டார்கள்.

குமுதா கூப்பிட்டுக் கிளினிக்குக்கு வந்த சின்னையா, செய்தி கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “நான் நடிச்சதுப்பா! மெஷினுக்கு நடிப்பு தெரியல.”

“ராத்திரியில வேர்க்குதாண்ணே?” என்று குமுதா கேட்டதும் சிரிப்பு நின்றது.

சளிப் பரிசோதனையில் சின்னையாவுக்குக் காசநோய் உறுதியானது. ஆரம்ப நிலைதான், ஆறு மாதம் மாத்திரை. இரண்டு நாள் அர்ஜுனனோடு பேசாமல் இருந்த சின்னையா, மூன்றாம் நாள் போன் போட்டார்.

“நீ மட்டும் யோக்கியனா இருந்திருந்தா, நான் மலையிலயே போய்ச் சேர்ந்திருப்பேன்டா.”

அடுத்த வாரம் டிப்போ ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் பரிசோதனை. கைப்பேசியோடு குமுதாவே நேரில் வந்தாள். ஒவ்வொருவர் வாயையும் உற்றுப் பார்த்துக்கொண்டே பதிவு செய்தாள்.