கூடாரத்தை வெட்டிய காலை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. கேலி செய்தவன் நான். மலையடிவார ஊரான கராகோலில் எங்கள் கூட்டுத் தோட்டத்தில் என் பாத்திக்கு அடுத்தது சகின்பெக்குடையது. போன பனிக்காலத்தில் ஆட்டு மந்தை முழுவதும் செத்துப்போய் மலையிலிருந்து இறங்கி வந்தவர். ஜூலையில் மழை பிடித்துக்கொண்டு குளிர்ந்தபோது நாங்கள் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். அவர் மட்டும் கையேந்தி மழைக்கு நன்றி சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

"அண்ணே, இது புல்லு இல்ல, தக்காளி. இலை நனைஞ்சே கெடந்தா கருகிப்போகும். ஆடு மேய்க்கிற கணக்குன்னு நெனச்சீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது. (இந்த வரியை மூன்று முறை அடித்தேன். இருக்கட்டும்.)

2

கதையை வேறு மாதிரியும் தொடங்கிப் பார்த்தேன்: "மழை ஒரு சோகமான…" வேண்டாம். மழைக்கு என்ன சோகம்? சோகம் அவர் மனைவி ஜைனபுக்கு.

"இந்தப் பதினாறு செடியும் போச்சுன்னா மாஸ்கோவுல மக வீட்டுலதான் ஒண்டணும். ஒத்த ரூம்பு. ஏற்கெனவே அஞ்சு பேரு."

3

மழையின் ஒன்பதாம் நாள். சகின்பெக் மலையில் குடியிருந்த தன் கூடாரத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வளைந்த கழிகளைப் பாத்தியின் இருபுறமும் நட்டு, கூடாரத்தைப் போர்த்தியிருந்த ஆட்டுமயிர்க் கம்பளத்தை மேலே விரித்தார். செடிகள் இருட்டில் மூழ்கின. தரைவரை தொங்கிய பக்கங்களை வெட்டினால்தான் வெளிச்சம் வரும். வெட்டினால் மறுபடி கூடாரத்துக்கு ஆகாது. மலைக்குத் திரும்பும் பேச்சும் அதோடு முடிந்தது.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: அது ஜைனபின் கல்யாணத்துக்கு அவள் அம்மாவும் அக்காமாரும் மிதித்து உருட்டிச் செய்த கம்பளம்.)

அவர் கத்தியை எடுத்தார். கை போகவில்லை.

என் முதல் வரைவில் இங்கே ஜைனப் அழுதாள். நிஜத்தில் அழவில்லை; நான்தான் அழவைக்கப் பார்த்தேன்.

"குடுங்க இங்க."

"உங்கம்மா செஞ்சதுடி."

"முப்பது வருசம் நம்மள நனையாம வச்சிருந்துச்சு. இப்ப இதுங்கள வச்சிருக்கட்டும். ஓரத்த இழுத்துப் புடிங்க, பேச்சு வேணாம்."

தொங்கிய பக்கங்களை நீளவாக்கில் வெட்டி எடுத்தாள். மழை கம்பளத்தில் வழிந்து வாய்க்காலில் ஓடியது. நான் உள்ளே தவழ்ந்து போனேன். தக்காளி இலை வாசனையோடு முப்பது வருட அடுப்புப் புகை. ஒரு இலைகூட நனையவில்லை. பிரமித்துப்போனேன் என்று எழுதினால் போதாது. வேறு சொல் அகப்படவில்லை, பிரமித்துத்தான் போனேன். வெளியே வந்தபோது என் பாத்தி கருகத் தொடங்கியிருந்தது.

4

முடிவு ஒன்று: எல்லாம் பழுத்தன. எழுதினேன், கிழித்தேன். முடிவு இரண்டு: அவர்கள் மாஸ்கோவுக்கு… அதையும் கிழித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆலங்கட்டி விழுகிறதென்று, வெட்டிய மிச்சத்தால் பக்கங்களையும் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே செடிகள் பிழைத்தனவா, கருகினவா என்று நாலு நாளாக யாரும் பார்க்கவில்லை. இன்று காலை வெயில் வந்துவிட்டது. கம்பளத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கிறது. ஜைனப் கைகளைப் பிசைந்தபடி நிற்கிறாள்.

"வா தம்பி," என்று சகின்பெக் கயிற்றை என்னிடம் நீட்டுகிறார். "சிரிச்சவன் நீதானே. நீயே அவிழு."

என்னால் முடியவில்லை. அன்றைக்குச் சிரித்த வெட்கம் இன்னும் போகவில்லை. இதைப் படிக்கிறவரே, இந்தாருங்கள் கயிறு, நீங்கள் பிடியுங்கள். மெதுவாக இழுங்கள். காய் உதிர்ந்துவிடப் போகிறது.