மூத்தவர் எழும் வரை

என் மகள் நிர்மலாதேவியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், விருந்தில் வைத்துப் பதில் சொல்கிறோம் என்று கடற்கரை ஓரத்துப் பிரெஞ்சு ஓட்டலுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். சுனாமிக்கு அடுத்த வருடம் அது. மாப்பிள்ளையின் தகப்பனார் கமலக்கண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். என்னைவிட மூத்தவர். நாங்கள் அரியாங்குப்பத்தில் நிலம் உள்ள குடும்பம். யார் முன்னாலும் கூனிக்குறுகி நின்றதில்லை.

மீனைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் சிந்தாமல் சாப்பிட்டேன். முடித்ததும் அவற்றைத் தட்டின் இரு பக்கமும் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பந்தியில் மூத்தவர் எழாமல் நாங்கள் எழமாட்டோம். கமலக்கண்ணன் எழவில்லை. அவர் தட்டு காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. பேச்சும் நின்றுவிட்டது. பரிமாறுகிறவர் வந்து வந்து என் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"எழுந்திருங்களேன்," என்றாள் என் மனைவி செல்வாம்பாள், காதருகே.

"பெரியவரு ஒக்காந்திருக்காரு. சும்மா இரு."

கமலக்கண்ணன் தொண்டையைச் செருமினார்.

"என்னாங்க தணிகாசலம், வாயே தொறக்காம ஒக்காந்திருக்கீங்க. பொண்ணு குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க."

என்ன தப்பு நடந்தது என்று கேட்டால் தெரியாதவன் ஆவேன். எழுந்தால் மரியாதை கெட்டவன் ஆவேன். நிர்மலாவின் முகம் வெளுத்துவிட்டது.

எதிரே இருந்த மாப்பிள்ளை இளஞ்செழியன், சேர்த்து வைத்திருந்த தன் கத்தியையும் முள்கரண்டியையும் மெல்லப் பிரித்தார். அவளைப் பார்த்தபடியே மறுபடி ஒன்றாகச் சேர்த்தார்.

நிர்மலா கை நீட்டி, என் எச்சில் தட்டில் கிடந்த இரண்டையும் அருகருகே வைத்தாள். சபையில் என் தட்டை யாரும் தொட்டதில்லை. அதட்ட வாயெடுத்தேன். அதற்குள் பரிமாறுகிறவர் வந்து எல்லாத் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

கமலக்கண்ணன் சிரித்தார். "அட, இதானா? பிரிச்சு வச்சா இன்னும் சாப்புடறீங்கன்னு அர்த்தம். நீங்க முடிக்கட்டும்னுதான் காத்துனு இருந்தேன்."

"நீங்க எழுந்திருக்கட்டும்னு நான் இருந்தேன். எங்க ஊட்ல அதான் முறை."

"நல்ல முறைதான். ஆனா உங்க பொண்ணு எங்க முறைக்கு வந்துட்டாளே. தையில வச்சிக்கலாமா?"

நிர்மலா என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சிக்கலாம்," என்று சொல்லி எழப்போனேன்.

செல்வாம்பாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருங்க. இன்னும் இனிப்பு வருதாம்."

புதுத் தட்டு வந்தது. கூடவே ஒரு சின்னக் கரண்டியும் ஒரு சின்ன முள்கரண்டியும். கையை மடியில் வைத்துக்கொண்டு, கமலக்கண்ணன் எதை எடுக்கிறார் என்று பார்த்திருந்தேன்.