நெடுஞ்சாலையைக் கடந்த வீடு

கொரோனாவுக்காகக் கொடுத்துவந்த கூடுதல் அரிசி இனி கிடையாது என்று ரேஷன் கடையில் சொன்ன அன்று, ஏரியூரில் சில்வியாவின் வீடு கிளம்பிவிட்டது. இரண்டு அறை ஓட்டுவீடு. கிழக்கே பார்த்துத் திரும்பி, மேயப் போகிற எருமைபோல நிதானமாக நகர்ந்தது. அடுப்பிலிருந்த குழம்பு ஒரு சொட்டும் சிந்தவில்லை.

உள்ளே அவள் கணவன் ஃபிராங்க்ளின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவன். ஊரடங்கில் வேலை போய், பஸ்ஸும் இல்லாமல், வெயிலில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். இனி இந்த வாசப்படியைத் தாண்டுவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டான். தடுப்பூசி வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, பஸ் ஓடியது, அவன் தாண்டவில்லை. அரிசி வந்தவரை வீடும் பொறுத்திருந்தது.

வழியில் கோவிந்தன் என்கிற விவசாயி மறித்தார். "ஏம்மா, கடலைக்காட்டுக்குள்ள வூட்ட ஓட்டியாந்தா நான் எங்க களை வெட்டறது?"

"நான் ஓட்டலீங்ணா. அது போவுது, நாங்க உள்ள இருக்கறோம்."

வரப்பு இடியாமல் போகச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

சில்வியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வேலை தேடி இறங்குவாள். மாலையில் வீடு எதுவரை வந்திருக்கிறது என்று வழிநெடுக விசாரித்துக்கொண்டே திரும்புவாள். தருமபுரியில் அரசாங்கம் நடத்திய வேலைவாய்ப்பு முகாமில் நிரந்தர முகவரி கேட்டார்கள். "இப்ப இண்டூர்கிட்ட வந்துட்டிருக்குதுங்க" என்றாள். "உங்க வீடுமா?" என்று கேட்ட பெண் அதிகாரி, 'வந்துகொண்டிருக்கிறது' என்று எழுதிக்கொண்டாள். அதியமான்கோட்டையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். வீடு போன திசையும் அதுதான். ஆனால் இந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் கட்டிலில்தானே உட்கார்ந்திருப்பான் என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு உச்சிவெயிலில் வீடு நெடுஞ்சாலையை எட்டியது. கம்பெனி எதிர்ப்பக்கம். வீடு நிற்கவில்லை, தாரில் இறங்கியது. கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது.

"என்னாங்க, லாரி வருதுங்க!"

ஃபிராங்க்ளின் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தான். அடுத்த நொடி, கொடியில் கிடந்த அவளுடைய சிவப்புச் சேலையை உருவிக்கொண்டு வெளியே குதித்து நடுரோட்டுக்கு ஓடி வீசினான். லாரி கிறீச்சிட்டு, அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

டிரைவர் எட்டிப்பார்த்தார். "யோவ், வூடு கட்ட வேற எடம் கெடைக்கலியா?"

"கட்டலீங்க, போவுது. கொஞ்சம் பொறுங்க."

வீடு நடுத்தடுப்பில் ஏறி இறங்கி, எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் போய் நின்றது. உள்ளங்கால் சுட்டபிறகுதான் தான் வெளியே நிற்பது ஃபிராங்க்ளினுக்கு உறைத்தது. ஓடிவந்து ஏறிக்கொள்வான் என்று சில்வியா வாசலில் கை நீட்டினாள். அவன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இரு சில்வியா. மொரப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு வூடு வருது. ஓசூருக்குப் போவுதோ என்னவோ."

சேலையை உதறிக்கொண்டு அதைக் கடத்திவிடப் போனான்.

இப்போது அவன் அங்கேயே புதுக் கட்டிடங்களுக்கு டைல்ஸ் ஒட்டுகிறான். அந்த இடத்தில் லாரிக்காரர்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார்கள். மாடு வந்தால் ஹாரன் அடிக்கிறார்கள். வீடு வந்தால் காத்திருக்கிறார்கள்.